இரண்டு மெட்ச் தவணை வேண்டாம்: எங்கள் கழகத்தின் நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணா, செயலாளர், பொருளாளர், நிர்வாக சபைத் தம்பிமார், ஞாயிற்றுக்கிழமை வாக்களிக்க வரும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விசேட பொதுக்கூட்டம் பற்றிய அறிவித்தல் எனக்கும் கிடைத்தது. பேச இருப்பது ஒரே விடயம்: எங்கள் உதைபந்தாட்ட அணியின் கோச் தொடர்வதா, இல்லையா. மூன்று யோசனைகள் போட்டிருக்கிறீர்கள். உடனே நிறுத்துவது ஒன்று. அடுத்த இரண்டு மெட்சுக்குத் தவணை கொடுத்து, வென்றால் வைத்திருப்பது, தோற்றால் அனுப்புவது இன்னொன்று. முதலில் பேசிக்கொண்டபடி மூன்று வருடத்தையும் முடிக்க விடுவது கடைசி.

வட்ஸ்அப் குழுவில் போகிற கதையைப் பார்த்தால் நடுவில் இருக்கிற யோசனைதான் வெல்லும் போலிருக்கிறது. ஒருவருக்கும் நோகாத வழி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மூன்றிலும் கழகத்துக்கு அதிகம் கெடுதல் செய்யப்போவது அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க என்னால் ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

கழகத்தின் பெயரையும் கோச்சின் பெயரையும் இதில் போடவில்லை. எங்களுக்குள் யார் என்று தெரியும். மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். திருகோணமலையில் எந்தக் கழகத்துக்காரர் படித்தாலும் இது தங்களுடைய கதை என்றுதான் நினைப்பார்.

சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் தேநீர்க் கடையில் கூடுவது உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்குகிற மெட்ச் எங்களுக்கு எட்டரைக்கு, அங்கே கோடை நேரம் என்றால் ஏழரைக்கு. மன்செஸ்டர் யுனைடெட்காரர் ஒரு மேசை, ஆர்சனல்காரர் ஒரு மேசை, லிவர்பூல்காரர் கதவடியில் நின்றபடி பிளேன்டீ குடிப்பார்கள். யார் தோற்றாலும் பிறகு ஒரே வழக்குத்தான்: மனேஜருக்கு இன்னும் காலம் கொடுப்பதா, துரத்துவதா. மனேஜர் அலெக்ஸ் பெர்குசனை அன்றைக்குப் பொறுத்துக்கொண்டதால்தான் யுனைடெட் யுனைடெட் ஆனது என்று மேசையில் தட்டிச் சொல்லுகிறவர்கள், எங்கள் கோச்சின் கதை வந்தவுடன், "அஞ்சு மெட்ச் தொடர்ந்து தோத்தாச்சு, இனி என்ன பார்க்க இருக்கு" என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏகாம்பரம் மைதானத்து ஓரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று அந்த ஐந்து மெட்சையும் பார்த்தவர்கள் அவர்கள். மன்செஸ்டர் தோற்றால் டிவியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் கழகம் தோற்றால் திங்கட்கிழமை மீன் வாங்கப் போன இடத்திலும், "என்ன அண்ணே, திரும்பவும் நாலா?" என்று கேட்பார்கள். அது எனக்கும் வலிக்கிறது.

பெர்குசன் கதையைக் கடையில் சொல்கிற மாதிரி இல்லாமல் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். அவர் 1986 நவம்பர் 6ஆம் திகதி பொறுப்பெடுத்தார். அப்போது அணி லீக்கில் கடைசிக்கு முந்திய இடத்தில் கிடந்தது. முதல் சீசனை 11ஆம் இடத்தில் முடித்தார். அடுத்த வருடம் 2ஆம் இடம், எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கடுத்த வருடம் மறுபடியும் 11. 1989 செப்டெம்பரில் பக்கத்து ஊர்க்காரரான மன்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று தோற்றார்கள். அந்த டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே ஒரு ரசிகர் பதாகை பிடித்தார்: மூன்று வருடமாகச் சாட்டுச் சொன்னது போதும், போய்வாருங்கள் என்று. அந்த சீசன் லீக்கில் 13ஆம் இடம்.

1990 ஜனவரி 7ஆம் திகதி, தோற்றால் வெளியே போகிற எப்.ஏ. கிண்ணப் போட்டியின் மூன்றாம் சுற்றில் நொட்டிங்ஹம் பொரஸ்ட்டின் மைதானத்தில் மார்க் ரொபின்ஸ் தலையால் ஒரு கோல் போட்டார். 1-0. அந்த மே மாதம் கிறிஸ்டல் பலஸுடன் இறுதிப் போட்டி 3-3, மறு ஆட்டத்தில் லீ மார்ட்டினின் கோலில் 1-0. யுனைடெட்டில் பெர்குசனின் முதல் கிண்ணம் அது. லீக் வெல்ல 1993 வரை போனது. 2013இல் ஓய்வு பெறும்போது யுனைடெட்டில் மட்டும் 38 கிண்ணங்கள், அதில் 13 லீக் பட்டங்கள்.

கடையில் இந்தக் கதை ரொபின்ஸின் தலையோடு நின்றுவிடும். "அந்தக் கோல் விழாட்டி அன்றைக்கே ஆளை அனுப்பியிருப்பாங்கள்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் யுனைடெட்டின் தலைவராக இருந்த மார்ட்டின் எட்வர்ட்ஸ், அந்த மெட்சில் தோற்றிருந்தாலும் அவரை நீக்கியிருக்க மாட்டோம் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. லீக் அட்டவணையில் தெரியாத ஒன்றை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்குசன் வந்த வேகத்திலேயே இளையோர் பிரிவைக் கிண்டிக் கிளறி, பொடியன்களைத் தேடுகிற ஆட்களைக் கூட்டினார். 1987இல் ரயன் கிக்ஸ் என்ற பொடியனின் 14வது பிறந்த நாளன்று அவருடைய வீட்டுக் கதவைத் தானே போய்த் தட்டினார். 1992இல் யுனைடெட் இளையோர் அணி எப்.ஏ. இளையோர் கிண்ணத்தை எடுத்தபோது அதில் கிக்ஸ், பெக்கம், கரி நெவில், நிக்கி பட் எல்லோரும் இருந்தார்கள். 13ஆம் இடத்தில் கிடந்த வருடத்திலும் பின்பக்கத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது, நிர்வாகம் அதைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தது.

அப்போ எங்களுடைய பின்பக்கத்தில் என்ன நடக்கிறது? இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். மெட்ச் நாள் விடியற்காலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன் நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கிழக்கு வெளுக்கத் தொடங்கிய நேரம், சுண்ணாம்பு வாளியோடு போனேன். கோல் கம்பத்தடியில் ஏழெட்டு மான்கள் மேய்ந்துகொண்டு நின்றன. எங்கள் ஊரில் இது புதினம் இல்லை, கோட்டைப் பக்கத்தில் நிற்கிறவை டவுன் முழுக்கச் சுற்றும். கோச் எனக்கு முந்தியே வந்திருந்தார். கூடவே கோல் காப்பாளர் பொடியன். 17 வயது, கையுறையின் பெருவிரல் பக்கம் பிய்ந்து நூலால் தைத்திருக்கிறது. மான்கள் போன பிறகு இரண்டு பேரும் தென்னந்தும்புத் தும்புத்தடியால் புழுக்கையைக் கூட்டித் தள்ளினார்கள். பிறகு கோச் கோர்னரிலிருந்து பந்தைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார், பொடியன் வெளியே வந்து பிடிக்க வேண்டும். நான் கோடு போட்டு முடிக்கும் வரைக்கும் அதே பந்து, அதே இடம். தவறவிட்டால் ஒரு சத்தம் இல்லை. "திரும்ப" என்று மட்டும் சொல்வார்.

இடையில் தண்ணீர் குடிக்கப் போனவர் தன்னுடைய சீ.ஆர். கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தேன், பிழையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். யார் எந்தப் பயிற்சிக்கு வந்தார், வராவிட்டால் ஏன், இடது காலால் எத்தனை பாஸ் பிழைக்காமல் கொடுத்தார், எந்த வாரம் காய்ச்சல், யாருக்குப் பரீட்சை, யார் இரவில் தொழிலுக்குப் போய்விட்டு நித்திரை இல்லாமல் வந்து ஓடுகிறார், எல்லாம் பேனையால் எழுதியிருந்தது. முதல் மாதத்துப் பக்கத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கடைசிப் பக்கத்தில் இருபத்தாறு. 27 வருடமாக இந்தக் கழகத்தில் இருக்கிறேன். மெட்ச் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருபத்தாறு பேர் பயிற்சிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

இனி அந்தத் தவணைக்கு வருவோம். ஒரு மனிசனுக்கு, "இரண்டு மெட்ச் தருகிறோம், வென்றால் இருக்கலாம்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நான் அவருடைய இடத்தில் இருந்தால் செய்யப்போவதைச் சொல்கிறேன். இப்போது விளையாடுகிற பதினொருவரில் ஆறு பேர் 19 வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்களைக் கதிரையில் இருத்திவிட்டு, விளையாட்டை விட்டுக் குடும்பம் குட்டி என்று இருக்கிற பழைய ஆட்களுக்குப் போன் எடுப்பேன். நாலு பேரைப் பின்னுக்கு நிறுத்தி, கிடைத்த பந்தையெல்லாம் நீளமாக அடிக்கச் சொல்வேன். அந்தக் கோல் காப்பாளர் பொடியனை நிறுத்திவிட்டு அனுபவம் உள்ள ஒருவரைப் போடுவேன். இரண்டு மெட்சில் ஒன்றையாவது அப்படி வெல்லலாம். வென்ற பிறகு எங்கள் கையில் இருக்கப்போவது என்ன? 35 வயதுக்காரர் நாலு பேரும், "உன்னை நம்ப ஏலாது" என்று கழகமே சொல்லிவிட்ட ஆறு பொடியன்களும். அப்படியும் தோற்றால் கோச்சும் இல்லை, பொடியன்களும் இல்லை. அவர் பிடிவாதமாகப் பொடியன்களையே இறக்கித் தோற்றால், ஒரு கோச்சின் வேலை போனது தங்களால்தான் என்று அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் இதில் கழகத்துக்கு லாபம் இல்லை.

அரை மனதோடு ஒருவரை வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு யுனைடெட்டையே பார்க்கலாம். 2024 மே 25ஆம் திகதி மனேஜர் எரிக் டென் ஹாக் சிட்டியை 2-1 என்று வென்று எப்.ஏ. கிண்ணம் எடுத்தார். லீக்கில் 8ஆம் இடம். அந்த நாட்களில் நிர்வாகம் வேறு மனேஜர்மாருடன் பேசியது ஊருக்கே தெரியும். ஒருவரும் சரிவரவில்லை, அப்புறம் இவரையே வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஒப்பந்தத்தை நீடித்தார்கள், அவருக்குப் பிடித்த வீரர்களை வாங்கினார்கள். ஒக்டோபர் 28ஆம் திகதி, லீக்கில் ஒன்பதே மெட்ச் முடிந்திருக்க, 14ஆம் இடத்தில் இருந்தபோது அனுப்பிவிட்டார்கள். பிறகு ரூபன் அமோரிம் வந்து, வேறு முறைக்கு என்று சேர்த்த வீரர்களை மூன்று பேர் பின்னால் நிற்கிற தன்னுடைய முறைக்குள் நுழைக்கப் பார்த்தார். அந்த சீசன் 15ஆம் இடம், 42 புள்ளிகள். பிரீமியர் லீக் தொடங்கிய காலத்திலிருந்து யுனைடெட் அவ்வளவு கீழே போனதில்லை. டென் ஹாக்கை மே மாதத்திலேயே மரியாதையாக அனுப்பியிருக்கலாம். வைத்திருந்தால் முழுசாக நம்பி வைத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் போனதில் காசும் போனது, ஒரு சீசனும் போனது. அவர்களுக்கு அந்தக் காசு திரும்ப வரும். எங்களிடம் அடுத்த மாதத்துக்குப் பந்து வாங்கக் காசு இருக்கிறதா என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

குழுவில் ஒரு தம்பி லண்டன் கழகமான செல்சியைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. 2012 மார்ச்சில் மனேஜர் வில்லாஸ்-போவாஸை நீக்கிவிட்டு டி மட்டேயோவை நிறுத்தினார்கள், மே 19ஆம் திகதி மியூனிக்கில் ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக் கிண்ணம் எடுத்தார்கள். 2021 ஜனவரியில் லம்பார்ட் போய் டுக்கெல் வந்தார், மே 29ஆம் திகதி போர்ட்டோவில் சிட்டியை 1-0 என்று வென்று மறுபடியும் எடுத்தார்கள். சீசன் நடுவில் ஆளை மாற்றியதால் கெட்டுப்போனார்களா என்று அந்தத் தம்பி கேட்கிறார். இல்லை, வென்றார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் 2012இல் டி மட்டேயோவின் கையில் இருந்தவர்கள் செக், ட்ரொக்பா, அப்போது வீரராக இருந்த லம்பார்ட். வருடக்கணக்காகச் சேர்ந்து விளையாடிப் பழுத்த ஆட்கள். மாறியது சொல்லிக்கொடுக்கிறவர் மட்டும்தான், சாமான் எல்லாம் வீட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் சாமானைச் செய்துகொண்டிருக்கிறவரே இவர்தான். எங்களுக்கும் ஒரு ட்ரொக்பா இருந்தால் நானும் முதலாவது யோசனைக்குக் கை உயர்த்துவேன்.

கை உயர்த்துவது என்றதும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2017இல் நான் நிர்வாக சபையில் இருந்தேன். அப்போது இருந்த கோச் வந்து ஒன்பது மாதம். நாலு மெட்சில் வெற்றி இல்லை. இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், இதே மண்டபம், அவரை நிறுத்த நானும் கை உயர்த்தினேன். அவர் எழும்பி, எல்லோருக்கும் நன்றி சொல்லி, விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்போது எங்களிடம் ஒரு பொடியன் இருந்தான். அவனுடைய இடது காலைப் போல ஒன்றை நான் இந்த மாவட்டத்தில் பிறகு காணவில்லை. அந்தக் கோச் அவனை விங்கில் விட்டிருந்தார். அடுத்து வந்தவர் பின்னுக்கு எடுத்தார். அதற்கடுத்தவர் நடுவில் போட்டார். அதற்கும் அடுத்தவருக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. 20 வயதில் பூட்ஸைக் கழற்றியவன் திரும்ப வரவில்லை. இன்றைக்கு ஆட்டோ ஓடுகிறார், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சந்திக்கிற நேரமெல்லாம், "அண்ணை ஏறுங்கோ" என்று மரியாதையாக ஏற்றிக்கொண்டு போவார், காசு வாங்க மாட்டார். 2017இலிருந்து இன்று வரை எங்களுக்கு ஐந்து கோச். ஒவ்வொருவரும் வந்து ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கினார்கள். அந்த ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் அன்றைக்கு உயர்த்திய கை என் ஞாபகத்துக்கு வரும்.

இதற்கெல்லாம் அர்த்தம் எங்கள் கோச்சில் பிழை இல்லை என்பது இல்லை. இருக்கிறது. கடைசி ஐந்து மெட்சில் நாங்கள் போட்டது ஒரே ஒரு கோல். 4-0, 2-0, 2-1, 1-0, 1-0. வாங்குகிற கோல் குறைந்துகொண்டு வருவது உண்மை. ஆனால் முன்னுக்குப் போய்ப் போடத் தெரியாத அணி கிண்ணம் எடுக்காது. கோர்னர் என்றால் எங்கள் ஆட்கள் நடுங்குகிறார்கள். ஆளுக்கு ஆள் பிடிக்காமல் இடத்துக்கு இடம் நிற்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அது பொடியன்களின் தலைக்குள் இன்னும் ஏறவில்லை. கடைசி மெட்சில் 83ஆவது நிமிடம் வந்த கோர்னரை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் தங்கள் தங்கள் இடத்தில் சரியாக நிற்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் எதிரணிப் பொடியன் ஒருவன் தனியாக எழும்பித் தலையால் அடிக்கிறான். ஆளை மாற்றுவதிலும் இவர் பிந்துகிறார். பெற்றோரோடு பேசுவது குறைவு. தன் மகனை ஏன் இறக்கவில்லை என்று கேட்கிற தகப்பனுக்குப் பதில் சொல்லாமல் போவது நல்லதில்லை. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். நானும் கேட்பேன். கிட்டக் கம்பத்தடியில் ஒருவரையாவது நிறுத்துங்கள் மாஸ்டர் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

ஆனால் கேட்கிற நாங்கள் என்ன கொடுத்தோம் என்பதும் கூட்டத்தில் பேசப்பட வேண்டும். அவர் வந்தது போன வருடம் மாசி மாதம். பதினைந்து மாதம் என்று சொல்கிறீர்கள். அதில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை, பயிற்சி மைதானத்தில் ஒரு கோல் கம்பத்தடி முழுக்கத் தண்ணீர். மழை விட்ட நாட்களில் பொடியன்களை டச்சுக்குடா மணலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஓட்டினார். மணலில் பந்து உருளாது, அதனால் ஓட்டம் மட்டும்தான். முன்களத்தில் நம்பியிருந்த இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் கடன். நடுப் பின்களத்தில் நிற்கிறவர் திருக்கடலூரிலிருந்து வருகிறார். கடல் நல்லா இருக்கிற மாதங்களில் இரவில் வலைக்குப் போய், விடிய மீன் கொடுத்துவிட்டு, பின்னேரம் எங்களுக்காக ஓடுகிறார். அவர் இரண்டாம் பாதியில் களைப்பது பயிற்சிக் குறைவால் இல்லை. கோச் ஒரு கோல் வலை கேட்டு எட்டு மாதம். அதோடு, அவருக்குப் பேசிய பயணப்படி இரண்டு மாதமாகக் கொடுபடவில்லை. பாலையூற்றிலிருந்து தன்னுடைய மோட்டார் சைக்கிளில், தன்னுடைய பெற்றோலில் வருகிறார். இதைப் பொதுவில் எழுதியதற்குத் தலைவர் அண்ணா கோபிக்கக் கூடாது. அறிக்கையில் அவருடைய தோல்விகளைப் பட்டியல் போட்டால் இதையும் போடத்தான் வேண்டும்.

ஆர்சனல் மேசைக்கு ஒரு வார்த்தை, உங்களில் பலர் மூன்றாவது யோசனைக்கு எதிர் என்பதால். அர்டெட்டா 2019 டிசம்பரில் மனேஜராக வந்தார். எட்டாம் இடம், அடுத்த வருடமும் எட்டாம் இடம். 2021 ஓகஸ்டில் முதல் மூன்று மெட்சும் தோல்வி, ஒரு கோலும் போடவில்லை, மூன்றாவது சிட்டியிடம் 5-0, அட்டவணையில் கடைசி. அன்றிரவு கடையில் யார் யார் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை. அந்த வருடத்தை 5ஆம் இடத்தில் முடித்தார், பிறகு மூன்று வருடம் தொடர்ந்து 2ஆம் இடம். அந்த ஓகஸ்டில் ஆர்சனல் நிர்வாகம் அவருக்கு, "அடுத்த இரண்டு மெட்ச்" என்று தவணை போட்டிருந்தால் சாக்கா மாதிரிப் பொடியன்களை நம்பி அவர் அணியைக் கட்டியிருப்பாரா?

நான் கேட்பது இதுதான். கூட்டம் தொடங்கியவுடன் இரண்டாவது யோசனையை எடுத்துவிடுங்கள். அதற்கான பிரேரணையை நான் கொண்டுவருகிறேன், ஆமோதிக்க ஒருவர் வேண்டும். பிறகு ஒன்றுக்கும் மூன்றுக்கும் நேருக்கு நேர் வாக்கு எடுங்கள். நான் மூன்றுக்கு. ஆனால் பெரும்பான்மை ஒன்றுக்கு என்றால் ஏற்றுக்கொள்வேன். அப்படி நடந்தால் அவருடைய நிலுவையை அன்றைக்கே கொடுத்து, மாலை போட்டு அனுப்புவோம், 2017இல் செய்த மாதிரி இல்லாமல். அந்தக் கொப்பியை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்க வேண்டும், அடுத்து வருகிறவர் திரும்பவும் ஆனா ஆவன்னாவில் தொடங்காமல் இருக்க.

மூன்றாவது யோசனை வென்றால், வருகிற சீசன் முடியும் வரைக்கும் இந்தப் பேச்சைக் குழுவிலும் கடையிலும் எடுக்கக் கூடாது. பத்து மெட்ச் தோற்றாலும்தான். அதற்குப் பதிலாக, எதை வைத்து அவரை அளக்கப்போகிறோம் என்று இப்போதே அவரோடு இருந்து எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைப்போம். எத்தனை பொடியன்கள் பயிற்சிக்கு நிலைத்து வருகிறார்கள், 16 வயதுக்குட்பட்ட அணி ஒன்று உருவாகியிருக்கிறதா, கோர்னரில் விழுகிற கோல் நின்றிருக்கிறதா, முன்னுக்குக் கோல் போட ஒரு வழி தெரிகிறதா. அவர் எங்களிடம் கேட்பதும் அதே தாளில் இருக்கட்டும்: வலை, பந்து, பயணப்படி. சீசன் முடிவில் அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசுவோம். அதில் அவர் தவறியிருந்தால் முதல் ஆளாக நானே சொல்வேன்.

அந்தக் கோல் காப்பாளர் பொடியன் நேற்றுக் கடைக்கு வந்திருந்தான். கூட்டத்துக்குத் தானும் வரலாமா என்று கேட்டான். 18 வயது முடியாததால் வாக்கு இல்லை என்று சொன்னேன். "வாக்கு வேண்டாம் மாமா, வெளியில நிக்கிறன்" என்றான். வெளியில் நிற்க வேண்டாம், உள்ளே கதிரை போடலாம் என்று நினைக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. மண்டபத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, மூன்றரைக்குத் திறந்து வைப்பேன்.

இப்படிக்கு,
கழகத்தின் பழைய இடது பின்கள ஆட்டக்காரன்,
திருகோணமலை.